செவ்வாயின் தேய்ந்துபோன மோதல் பள்ளங்களை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செவ்வாயின் தென்பகுதி மேட்டுநிலத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை பாடநூல் படத்தோடு ஒத்துப்போகாது. விளிம்பு மழுங்கியிருக்கும், தரை தட்டையாகக் கிடக்கும், மோதலில் வெளியே தெறித்து விழுந்து சுற்றிலும் இருந்திருக்க வேண்டிய தெறிப்புப் படிவு அடையாளமே இல்லாமல் போயிருக்கும். இவற்றில் பல 370 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. நோவாக்கியன் எனப்படும் அந்தக் காலத்தில் அரிப்பு வேகம் பின்னர் வந்து இன்றுவரை நீளும் அமேசானியன் காலத்தைவிடப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு அதிகம். அதனால் அந்தக் காலத்துத் தண்ணீர், காற்று, எரிமலை எல்லாவற்றின் தடமும் இந்தத் தேய்ந்த பள்ளங்களில்தான் மிச்சமிருக்கிறது.

படத்தைப் பார்த்ததும் "இது ஏரி", "இது லாவா" என்று முடிவு கட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வேலை செய்ய வேண்டிய வரிசை வேறு. இந்தப் பள்ளம் புதிதாக இருந்தபோது என்ன அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். இன்று இருப்பதை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று வரவு செலவு பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஆறு, ஏரி எல்லாம்.

எந்தப் படம் எதற்கு

எல்லாத் தரவுகளும் இலவசம். ஜேமார்ஸ் என்ற மென்பொருளில் பெரும்பாலானவை ஏற்கெனவே அடுக்குகளாக இருக்கின்றன. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வேலை தொடங்கும் முன் செவ்வாய்க்கான ஆயத்தொலைவு முறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பூமியின் ஆரத்தில் விட்டுவிட்டால் நீள அளவுகள் ஏறத்தாழ இரண்டு மடங்காக வரும். முடிவுகள் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும் என்பதால் இந்தப் பிழை கடைசிவரை கண்ணில் படாமல் போகலாம்.

உயரத்துக்கு மோலா. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் லேசர் உயரமானி எடுத்தது; பிக்சலுக்குச் சுமார் 463 மீட்டர். லேசர் புள்ளிகள் விண்கலப் பாதையில் 300 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக விழுந்தன. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளுக்கு நடுவே, குறிப்பாக நிலநடுக்கோட்டுப் பகுதியில், சில கிலோமீட்டர் இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளியை மென்பொருள் இட்டு நிரப்பியிருக்கும். ஆகவே 5 கிலோமீட்டர் பள்ளத்தின் ஆழத்தை மோலாக் கட்டத்திலிருந்து எடுத்தால் விளிம்பும் தவறும், தரையும் தவறும், ஆழம் குறைவாகவே கிடைக்கும். சுமார் 10 கிலோமீட்டருக்குக் குறைந்த பள்ளங்களுக்கு மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் எச்ஆர்எஸ்சி கேமராவிலிருந்து வந்த உயர மாதிரியோ, சிடிஎக்ஸ் கேமராவின் இரட்டைப் படங்களிலிருந்து உருவாக்கிய மாதிரியோ வேண்டும்.

உருவத்துக்கு சிடிஎக்ஸ், பிக்சலுக்கு 6 மீட்டர். இதன் படங்களை ஒட்டித் தைத்த முழுக் கோளப் படமும் கிடைக்கிறது. தெமிஸ் என்ற வெப்பக் கேமராவின் பகல்நேர அகச்சிவப்புப் படம் பிக்சலுக்கு 100 மீட்டர். ஒரு பெரிய பள்ளத்தை முழுதாகப் பார்க்க இதுவே வசதி. தெமிஸ் இரவுப் படத்தில் பாறையும் இறுகிய படிவும் வெளிச்சமாகவும், தூசி இருட்டாகவும் தெரியும். ஹைரைஸ் கேமராவின் படம் பிக்சலுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர். அடுக்குகளின் தடிமன், பாறைத் துண்டுகளின் அளவு போன்ற கேள்வி எழுந்த பிறகு அதைத் திறந்தால் போதும். முதலிலேயே அதில் இறங்கினால் மணல் மேடுகளை ரசித்துக்கொண்டிருப்போம், பள்ளம் புரியாது.

ஏற்கெனவே அளந்து வைத்த பட்டியலும் உண்டு. 2012இல் வெளியான ராபின்ஸ் தொகுப்பில் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள 3,84,343 பள்ளங்கள் இருக்கின்றன. நம் அளவு சரியா என்று ஒப்பிட அது நல்ல துணை. அதையே நம் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளிச்சம் எந்தப் பக்கம்

சிடிஎக்ஸ், ஹைரைஸ் இரண்டையும் சுமக்கும் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர், அந்தந்த இடத்தில் பிற்பகல் மூன்று மணி அளவில் கடந்து போகிறது. வடக்கை மேலே வைத்த படத்தில் வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும் என்று பொருள். பள்ளமானால் இடது உட்சுவர் நிழலிலும் வலது உட்சுவர் வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். நம் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்வதால் குழி மேடாகத் தெரிவது சகஜம். வேறு கருவிகளின் படங்களில் சூரியத் திசை படத்துக்குப் படம் மாறும், தலைப்புத் தகவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயில் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே முடியாது. ஏனென்றால் அங்கே உண்மையிலேயே தலைகீழான பள்ளங்கள் உண்டு. பள்ளத்தை நிரப்பிய படிவு இறுகிப்போய், சுற்றியிருந்த மென்மையான நிலத்தைக் காற்று அரித்துச் சென்றுவிட்டால், பள்ளம் வட்டமான மேடையாக எஞ்சும். கண் ஏமாறுகிறதா, நிலமே தலைகீழாக நிற்கிறதா என்பதை மோலாவில் ஒரு குறுக்குக் கோடு போட்டாலே தெரிந்துவிடும்.

அது மோதல் பள்ளம்தானா

வட்டமாக இருப்பதெல்லாம் மோதல் பள்ளம் இல்லை. எரிமலைவாய்க் குழிகளும் நிலம் உள்வாங்கிய குழிகளும் தேய்ந்தபின் ஒரே மாதிரி தெரியும். தேடிப் பார்க்க வேண்டியவை: நிலமட்டத்துக்கு மேலே எழுந்த விளிம்பு, நடுச்சிகரம், படிப்படியாகச் சரிந்த சுவர், வெளியே தெறிப்புப் படிவு. மோதல் பள்ளத்தின் விளிம்பு சுற்று நிலத்தைவிட உயர்ந்திருக்கும், உட்தரை சுற்று நிலத்தைவிடத் தாழ்ந்திருக்கும். நிலம் உள்வாங்கிய குழிக்கு உயர்ந்த விளிம்பு இருக்காது. சங்கிலித்தொடராக, ஒரு விரிசல் கோட்டில் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் உள்வாங்கிய குழிகளே.

செவ்வாயின் அரேபியா டெர்ரா பகுதியில் உள்ள ஈடன் படேரா இந்தச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒழுங்கற்ற வடிவம், உயர்ந்த விளிம்பு இல்லாமை, நடுச்சிகரம் இல்லாமை ஆகியவற்றை வைத்து, அது பழங்கால எரிமலையின் இடிந்த வாய் என்ற கருத்து 2013இல் முன்வைக்கப்பட்டது. இன்னொன்று ஓர்கஸ் படேரா: 380 கிலோமீட்டர் நீளம், 140 கிலோமீட்டர் அகலம். சாய்வாக வந்து மோதியதா, வேறு வழியில் உருவானதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மிகத் தாழ்ந்த கோணத்தில் மோதினால் மட்டுமே நீள்வட்டப் பள்ளம் உருவாகும். அப்படிப்பட்டவை மிகச் சிலவே. ஆகவே நீள்வட்டம் கண்டால் முதலில் இரண்டு பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ஒரு பக்கச் சுவர் மட்டும் அதிகம் அரிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

அளக்கும் முறை

விட்டத்துக்கு விளிம்பின் உச்சிக்கோட்டில் 10 முதல் 15 பாகைக்கு ஒன்றாகப் புள்ளிகள் வையுங்கள். 24 முதல் 36 புள்ளி கிடைக்கும். பின்னால் விழுந்த பள்ளம் வெட்டிய பகுதி, ஆறு உடைத்த வாய், அடியோடு மறைந்த பகுதி இங்கெல்லாம் புள்ளி வைக்க வேண்டாம். மீதமுள்ளவற்றுக்கு ஒரு வட்டம் பொருத்துங்கள். விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எஞ்சியிருந்தால் விட்டத்தில் பிழை பெரிதாகவே இருக்கும், அதையும் எழுதி வையுங்கள்.

விளிம்பு உயரம் என்பது அந்தப் புள்ளிகளின் உயரங்களில் நடுமதிப்பு. சராசரி எடுத்தால் விளிம்பில் நிற்கும் ஒரு பழைய மலை கணக்கை மேலே இழுத்துவிடும். தெற்கு மேட்டுநிலமும் வடக்குத் தாழ்நிலமும் சந்திக்கும் பகுதி போன்ற சாய்ந்த நிலத்தில், ஒரு பக்க விளிம்பு மறுபக்கத்தைவிடப் பல நூறு மீட்டர் தாழ்ந்திருக்கும். அங்கே விளிம்புப் புள்ளிகளுக்கு ஒரு சாய்தளம் பொருத்தி அந்தச் சாய்வைக் கழித்த பிறகே ஆழம் எடுக்க வேண்டும்.

தரைக்கு மிகத் தாழ்ந்த பிக்சலை எடுப்பது வழக்கமான சறுக்கல். பழைய பள்ளத்தின் தரையில் பின்னால் விழுந்த சின்னப் பள்ளம் ஒன்று நிச்சயம் இருக்கும், மிகத் தாழ்ந்த பிக்சல் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றை விலக்கிவிட்டுத் தட்டையான பகுதியின் நடுமதிப்பை எடுங்கள். விளிம்பு உயரத்திலிருந்து இதைக் கழித்தால் இன்றைய ஆழம். இதோடு சுற்று நிலத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் முழுக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

புதிதாக இருந்தபோது எவ்வளவு ஆழம்

செவ்வாயில் சுமார் 5 முதல் 8 கிலோமீட்டர் வரையுள்ள எல்லைக்குக் கீழே பள்ளங்கள் எளிய கிண்ண வடிவில் இருக்கும். அதற்கு மேலே சுவர் சரிந்து, நடுவில் சிகரம் எழுந்து, சிக்கலான வடிவம் பெறும். மோலா தரவை வைத்து கார்வின் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் கொடுத்த உறவுகள் நடைமுறைக்குப் போதுமானவை. எல்லா அளவுகளும் கிலோமீட்டரில், ^ என்பது அடுக்குக் குறி:

எளிய பள்ளம்: ஆழம் = 0.21 × விட்டம்^0.81
சிக்கலான பள்ளம்: ஆழம் = 0.36 × விட்டம்^0.49
சிக்கலான பள்ளத்தின் விளிம்பு உயரம் = 0.02 × விட்டம்^0.84

60 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஆழம் 0.9 கிலோமீட்டர், விளிம்பு சுற்று நிலத்திலிருந்து 200 மீட்டர் உயரம் என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம். சமன்பாட்டின்படி புதிதில் ஆழம் 2.68 கிலோமீட்டர், விளிம்பு 620 மீட்டர். ஆக 1.78 கிலோமீட்டர் ஆழம் காணாமல் போயிருக்கிறது.

இங்கேதான் விளிம்பு உயரத்தின் பயன் தெரிகிறது. ஆழம் இரண்டு வழியில் குறையலாம்: விளிம்பு தாழ்வது, தரை நிரம்புவது. விளிம்பு இழந்தது 620-இல் 200 போக 420 மீட்டர். மீதி 1,360 மீட்டரும் தரையில் நிரம்பியதுதான். விளிம்பு அடியோடு அழிந்திருந்தால்கூட 620 மீட்டருக்கு மேல் ஆழம் குறைந்திருக்க முடியாது, குறைந்தபட்சம் 1,160 மீட்டர் நிரப்பு இருந்தே ஆக வேண்டும். பெரிய பள்ளங்களில் தேய்வு என்பது பெரும்பாலும் நிரம்பலே என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அரிப்பில் சுவர் பின்வாங்குவதால் இன்றைய விட்டம் மூல விட்டத்தைவிடப் பெரிது. மூல விட்டம் 55 கிலோமீட்டராக இருந்திருந்தால் புதிய ஆழம் 2.57 கிலோமீட்டர்; நாலு சதவீத வித்தியாசம்தான். அடுக்கு எண் 0.49 என்பதால் விட்டப் பிழை இங்கே பாதியாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது சற்றுப் பெரியது: ஒரே விட்டமுள்ள புதுப் பள்ளங்களே நிலத்தின் வலிமையைப் பொறுத்து ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டர் வேறுபடும். ஆகவே நிரப்பு 1,360 மீட்டர் என்று எழுதாமல் "1 முதல் 1.6 கிலோமீட்டர்" என்று எழுதுவதே நேர்மை. வித்தியாசம் 200 மீட்டர்தான் வந்தது என்றால் நிரம்பியதாகச் சொல்ல அடிப்படையே இல்லை.

தரை தட்டையாக இருப்பதை மட்டும் வைத்து நிரம்பியது என்று சொல்லவும் கூடாது. சிக்கலான பள்ளங்கள் புதிதிலேயே ஓரளவு தட்டைத் தரையோடுதான் பிறக்கின்றன. நடுச்சிகரம் இல்லாததும் சான்றாகாது. செவ்வாயில் சிகரத்துக்குப் பதில் நடுக்குழி உள்ள பள்ளங்கள் ஏராளம்.

நிரப்பியது எங்கிருந்து வந்தது

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நிரப்பின் கன அளவையும் அரிக்கப்பட்டதன் கன அளவையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன பள்ளத்தில் தரையின் சராசரி விட்டம் 40 கிலோமீட்டர் என்றால் பரப்பு சுமார் 1,257 சதுர கிலோமீட்டர். 1.36 கிலோமீட்டர் தடிமனுக்கு நிரப்பு ஏறத்தாழ 1,700 கன கிலோமீட்டர். இப்போது வரவு: விளிம்பின் சுற்றளவு 188 கிலோமீட்டர். உச்சியிலிருந்து 420 மீட்டர் போனதை, அடி 10 கிலோமீட்டர் கொண்ட முக்கோணமாக எடுத்தால் சுமார் 400 கன கிலோமீட்டர். சுவர் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தால் இன்னொரு 350. மொத்தம் 750. பாறை உடைந்து வண்டலாகும்போது நடுவே வெற்றிடம் சேர்வதால் கன அளவு கூடும். 25 சதவீத வெற்றிடம் வைத்தாலும் 1,000. இன்னும் 700 கன கிலோமீட்டர் கணக்கில் வரவில்லை. விளிம்பிலிருந்து அரிக்கப்பட்டதில் ஒரு பகுதி வெளிப்புறச் சரிவில் போயிருக்கும் என்பதையும் சேர்த்தால் பற்றாக்குறை இன்னும் கூடும்.

சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் ஆற்றுத் தடம் ஒன்று இருக்கிறது, அதுதான் கொண்டுவந்தது என்று சொல்லத் தோன்றும். 100 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், 150 மீட்டர் ஆழமுள்ள முக்கோண வடிவத் தடத்திலிருந்து வெளியேறியது 15 கன கிலோமீட்டர் மட்டுமே. படத்தில் கண்ணைப் பறிக்கும் ஆறு, கணக்கில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அப்போது வேறு வழிகளைத் தேட வேண்டும்: லாவா, எரிமலைச் சாம்பல், காற்று கொண்டுவந்த தூசி, பக்கத்தில் விழுந்த பெரிய மோதலின் தெறிப்பு, அல்லது தடமே விடாமல் அகன்ற நிலப்பரப்பிலிருந்து வழிந்து வந்த வண்டல். கடைசி வழிக்குச் சுற்றுப்புறத்தின் பழைய பள்ளங்களும் அதே அளவு தேய்ந்திருக்க வேண்டும்.

எபர்ஸ்வால்டே பள்ளம் இதில் ஒரு வகை. 65 கிலோமீட்டர் அகலமுள்ள அதன் ஒரு பகுதியைப் பக்கத்து ஹோல்டன் பள்ளத்தின் தெறிப்பு மூடியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அங்கே புகழ்பெற்ற டெல்டா உருவானது.

எது தேய்த்தது

தண்ணீர் தேய்த்த பள்ளத்தில் உட்சுவரை ஓடைகள் கீறியிருக்கும். அவை தரையைச் சந்திக்கும் இடத்தில் வண்டல் விசிறிகள் விரிந்திருக்கும். தரை மிக மெல்ல நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும். விளிம்பு தாழ்ந்து, தெறிப்புப் படிவு வெட்டுப்பட்டு அல்லது முற்றிலும் போயிருக்கும். இதில் இரண்டு தலைமுறைகள் உண்டு. தெறிப்பே இல்லாமல் வெகுவாகத் தேய்ந்தவை நோவாக்கியன் காலத்தவை. தெறிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, உட்சுவரில் மட்டும் விசிறிகள் உள்ளவை பின்னர் வந்த, குறுகிய காலம் நீடித்த ஈரத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் காலநிலை வரலாறே தவறிவிடும்.

மண் மெல்ல ஊர்ந்து இறங்கிய பள்ளத்தில் ஓடைக் கீறல்களே இருக்காது. விளிம்பு உருண்டு, சுவரும் தரையும் எல்லைக்கோடே இல்லாமல் ஒன்றோடொன்று கலந்துவிடும். இப்படிப்பட்ட அரிப்பில் மறைய ஆகும் காலம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: பாதி விட்டமுள்ள பள்ளம் நான்கு மடங்கு வேகமாக அழியும். அந்தப் பகுதியில் சிறு பள்ளங்கள் அதிகம் காணாமல் போயிருக்கின்றனவா என்று பார்த்து இதைச் சோதிக்கலாம்.

லாவா நிரப்பிய பள்ளம் வேறு மாதிரி. விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கும், தரை மட்டும் ஒரே மட்டத்தில் கிடக்கும், சுவரைத் தொடும் இடம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருக்கும். தரையில் சுருக்க மேடுகள் வளைந்து ஓடும். விளிம்பு உடைந்த இடம் வழியாக வெளிச் சமவெளியும் உட்தரையும் இணைந்திருந்தால் ஐயம் குறையும். விளிம்பு கூர்மை, ஆனால் நிரப்பு ஆழம் ஒரு கிலோமீட்டர் என்ற சேர்க்கை கிடைத்தால் தண்ணீரை முதலில் நினைக்க வேண்டாம்.

இரு அரைக்கோளங்களிலும் சுமார் 30 முதல் 60 பாகை அட்சரேகைக்குள் உள்ள பள்ளங்களில் பனி கலந்த நிரப்பைச் சந்தேகிக்க வேண்டும். தரையில் விளிம்புக்கு இணையாக வளையம் வளையமாக வரிகள், சுவரிலிருந்து நாக்கு போல வழிந்த உருவங்கள் இவை அடையாளம். இந்த நிரப்பு பெரும்பாலும் பள்ளத்தைவிட மிக இளையது. அதை நோவாக்கியன் அரிப்பின் கணக்கில் சேர்த்தால் எல்லாமே குழம்பும்.

புதைந்து மீண்டும் வெளிப்பட்ட பள்ளங்கள் தனிக் கதை. மெரிடியானி சமவெளியில் 22 கிலோமீட்டர் அகலமுள்ள எண்டவர் பள்ளத்தின் விளிம்பு, சல்ஃபேட் மணற்கற்களுக்கு நடுவே துண்டு துண்டாக நீட்டிக்கொண்டிருக்கிறது. 2011இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது, விளிம்புப் பாறைகள் சுற்றுச் சமவெளியைவிடப் பழையவை என்பதும் அவற்றில் களிமண் கனிமங்கள் இருப்பதும் நேரில் உறுதியானது. விளிம்பு ஒரு மெல்லிய வளையமாக மட்டும் தெரிந்து, தெறிப்பே இல்லாமல், சுற்று நிலம் விளிம்பின் மேல் ஏறிப் படிந்திருந்தால் அது அரிப்பால் தாழ்ந்ததா, புதைந்து நிற்கிறதா என்று கேளுங்கள். புதைந்திருந்தால் விளிம்பு உயரத்தை அரிப்புக் கணக்கில் பயன்படுத்தக் கூடாது.

நடுவில் மேடு இருந்தால் அது சிகரமா, படிவா என்பதும் முக்கியம். 154 கிலோமீட்டர் அகலமுள்ள கேல் பள்ளத்தின் நடுவில் சுமார் 5 கிலோமீட்டர் உயரமுள்ள ஷார்ப் மலை நிற்கிறது. அதன் உச்சி வடக்கு விளிம்பைவிட உயரம், உடலெங்கும் அடுக்குகள். நடுச்சிகரம் விளிம்பைத் தாண்டி எழுவதில்லை. ஆகவே அது ஒரு காலத்தில் பள்ளத்தை நிரப்பியிருந்த படிவில் எஞ்சியது. கேல் நிரம்பி, பின் காற்றால் காலியான பள்ளம். இன்றைய தரை ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வரலாற்றில் பாதி விடுபடும்.

ஏரி இருந்ததா

உள்ளே வரும் தடத்தோடு வெளியேறும் தடமும் இருந்தால் வழக்கு வலுவாகும். வெளியேறும் வாயின் அடிமட்ட உயரத்தை மோலாவில் எடுத்து, அந்த உயரத்தில் ஒரு சமவுயரக் கோடு வரையுங்கள். கோடு பள்ளத்துக்குள் மூடிக்கொண்டால், தண்ணீர் வெளியே வழிய குறைந்தது அந்த மட்டம் வரை நிரம்பியிருக்க வேண்டும். வாய் பின்னர் அரிக்கப்பட்டுத் தாழ்ந்திருக்கலாம், ஆகவே கிடைப்பது கீழ் எல்லை. கோடு மூடாமல் வெளியே கசிந்தால், பின்னர் வந்த பள்ளமோ பிளவோ அந்த இடத்தைச் சிதைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து டெல்டா. அதன் மேற்பரப்புக்கும் முன்சரிவுக்கும் நடுவே சாய்வு திடீரென மாறும் இடத்தின் உயரமும், நீங்கள் வரைந்த நீர்மட்டமும் அருகருகே வர வேண்டும். சாய்வு மாற்றமே இல்லாமல் ஒரே சீராக இறங்கினால் அது நிலத்தில் படிந்த விசிறி, ஏரி தேவையில்லை. ஜெசேரோ பள்ளத்தில் மேற்கிலும் வடக்கிலும் உள்வரும் தடங்கள், கிழக்கில் வெளியேறும் வாய், மேற்கில் டெல்டா எல்லாம் சேர்ந்தே இருந்தன.

ஏரி இருந்தது உறுதியானாலும், இன்று தரையில் தெரிவது ஏரிப் படிவு என்று ஆகிவிடாது. 2021இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசேரோ தரையில் ஆராய்ந்த பாறைகள் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தவையாக இருந்தன. 2004இல் ஸ்பிரிட் ஊர்தி இறங்கிய கூசெவ் பள்ளமும் அப்படியே. 700 கிலோமீட்டருக்கும் நீளமான மாடிம் வாலிஸ் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு அதற்குள் வந்து முடிகிறது. ஏரிப் படிவை எதிர்பார்த்து இறங்கிய இடத்தில் கிடைத்தது ஆலிவின் கனிமம் கலந்த பசால்ட் எனும் எரிமலைப் பாறைச் சமவெளி. ஆகவே தரைக்கு இரண்டு கேள்விகள் தனித்தனியாக வேண்டும்: ஏரி இருந்ததா, மேலே இப்போது கிடப்பது எது.

கனிமங்களைக் கண்டறியும் கிரிசம் கருவியின் நிறமாலையில் 1.9 மைக்ரோமீட்டரில் நீர் உறிஞ்சலும் 2.3 மைக்ரோமீட்டரில் இரும்பு, மக்னீசியக் களிமண் அடையாளமும் தெரியலாம். அது நடுச்சிகரத்தில் கிடைத்தால் ஏரியோடு இணைக்க வேண்டாம். 50 கிலோமீட்டர் பள்ளத்தின் நடுச்சிகரப் பாறை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்கப்பட்டது; பள்ளம் பிறக்கும் முன்பே அந்தக் களிமண் அங்கே இருந்திருக்கலாம். டெல்டாவின் அடி அடுக்குகளில் கிடைத்தாலும், ஆற்றின் மேற்பகுதிப் பாறையிலிருந்து அடித்து வரப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

வரிசையும் வயதும்

முதலில் வரிசை, எண்ணிக்கை அதற்குப் பிறகு. எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் படிந்திருக்கிறது, எது எதைச் சுற்றி வளைந்து நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆற்றுத் தடம் தெறிப்பை வெட்டினால் தடம் இளையது. தடத்தின் மேல் தெறிப்பு கிடந்தால் தெறிப்பு இளையது. இந்த உறவுகளில் ஒன்று தவறினால் எந்த எண்ணிக்கையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய நிலத்தில் அதிகப் பள்ளங்கள் சேர்ந்திருக்கும் என்ற அடிப்படையில் பள்ளங்களை எண்ணி வயது கணிக்கும்போது, எண்ணுவது எதன் வயது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தரையில் எண்ணினால் கிடைப்பது கடைசியாக நிரம்பிய காலம், மோதல் நடந்த காலம் அன்று. மோதலின் வயதுக்குத் தெறிப்புப் படிவில் எண்ண வேண்டும், தேய்ந்த பள்ளத்தில் அதுவே போயிருக்கும். அப்போது அடுக்கு உறவுகளை வைத்து "இதற்கு முன், அதற்குப் பின்" என்று எல்லை கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

40 கிலோமீட்டர் தரையின் பரப்பு 1,250 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பள்ளங்கள் ஒன்பது கிடைத்தால் பிழை வர்க்கமூலப்படி மூன்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு. எண்ணிக்கையைக் கூட்ட 200 மீட்டர் பள்ளங்களுக்கு இறங்கினால் வேறொரு மோதலில் தெறித்த துண்டுகள் விழுந்து உண்டான இரண்டாம் நிலைப் பள்ளங்கள் புகுந்துவிடும். 10 கிலோமீட்டர் அகலமுள்ள சூனில் பள்ளம் ஒன்றே சுமார் ஒரு கோடி இரண்டாம் நிலைப் பள்ளங்களைத் தெளித்திருப்பதாக 2005இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. கொத்தாக, வரிசையாக, ஆழம் குறைவாக, ஒரே திசையில் நீண்டு கிடப்பவற்றை நீக்குங்கள். நீக்கியும் முழுதாகத் தப்ப முடியாது. சிறு பள்ளங்களை அரிப்பு அழிப்பதும் அதே அளவில்தான் நடக்கிறது. பள்ளங்களின் அளவுக்கு எதிராக எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் வளைவு ஒரு இடத்தில் மடங்கித் தட்டையாவது அதன் அறிகுறி. மடிப்புக்கு மேலும் கீழும் தனித்தனி வயது வரும், இரண்டையும் ஒரே கோட்டில் பொருத்தக் கூடாது.

இந்த வயதுகள் நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகளை வைத்துக் கட்டிய காலவரிசையைச் செவ்வாய்க்கு மாற்றியவை. 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பகுதியில் மோதல் வேகம் செங்குத்தாக ஏறுவதால், எண்ணிக்கை இரண்டு மடங்கு தவறினாலும் வயது அதிகம் மாறாது. அதற்குப் பிந்தைய நடுக்காலத்தில் அப்படியில்லை, அங்கே அதே தவறு வயதையே இரண்டு மடங்கு ஆக்கிவிடும். ஆகவே "நோவாக்கியன் கடைசி" என்று காலப்பெயர் சொல்வது பாதுகாப்பு. 16 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பள்ளங்கள் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு 100 முதல் 200 என்றால் நடு நோவாக்கியன், 25 முதல் 100 என்றால் கடைசி நோவாக்கியன். ஒரே பள்ளத்தின் தரையில் இந்த அளவுகோலைப் பயன்படுத்த முடியாது; அகன்ற நிலப்பரப்புக்கு மட்டுமே.

எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரே வரிசையில் குறியுங்கள்: விட்டமும் எத்தனை பாகை விளிம்பிலிருந்து எடுத்தது என்பதும், இன்றைய ஆழம், விளிம்பு உயரம், எதிர்பார்த்த புதிய ஆழம், நிரப்புத் தடிமனின் மேல் கீழ் எல்லை, கன அளவுப் பற்றாக்குறை, அரிப்பு வகைக்கான சான்று, அடுக்கு உறவுகள். இவை பார்த்தவையும் அளந்தவையும். இவற்றின் கீழே ஒரு கோடு போட்டு விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். ஒரே பள்ளத்துக்கு இரண்டு விளக்கங்கள் பொருந்தினால் இரண்டையும் எழுதி, எந்தப் படம் கிடைத்தால் ஒன்று விழும் என்பதையும் சேருங்கள். எடுத்துக்காட்டாக, 60 கிலோமீட்டர் பள்ளத்தில் காணாமல் போன அந்த 700 கன கிலோமீட்டருக்கு லாவாவும் சாம்பலும் போட்டியிட்டால், தரையில் பின்னர் விழுந்த சின்னப் பள்ளங்களின் சுவரை ஹைரைஸில் பாருங்கள். பெரிய பாறைத் துண்டுகளை உதிர்க்கும் தடித்த, வலுவான அடுக்கு தெரிந்தால் லாவா பக்கம். துண்டுகளே இல்லாமல் மெல்லிய அடுக்குகள் காற்றில் தேய்ந்து முகடுகளாக நின்றால் சாம்பல் பக்கம். அப்படிப்பட்ட சின்னப் பள்ளம் எதற்கும் ஹைரைஸ் படம் இல்லையென்றால், தெமிஸ் இரவுப் படத்தில் அவற்றின் தெறிப்பு வெளிச்சமா இருட்டா என்பதைக் குறித்துவிட்டு, இரண்டு விளக்கங்களையும் திறந்தே விடுங்கள்.